அண்ணன் சீட்டைக் கிழித்த கதை

காலை ட்ரிப் முடித்து வந்த அண்ணன் காரை வாசலில் நிறுத்தினான். கதவைத் திறந்து, இரண்டு கையாலும் கூரையின் விளிம்பைப் பிடித்து, தன்னைத்தானே வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு திரும்பி நின்று டிரைவர் சீட்டைக் குத்த ஆரம்பித்தான். பஸ்ஸில் மாட்டிக்கொண்ட பிக்பாக்கெட்டை ஊரே சேர்ந்து மொத்துமே, அந்த மாதிரி. முதுகில், இடுப்பில், உட்காரும் இடத்தில். சீட் அழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, யாரை அடிக்கிறாய் என்று கேட்டாள். சீட்டை என்றான். அப்படியானால் சரி என்று உள்ளே போய்விட்டாள். அந்த மாதம் முழுக்க எங்கள் வீடு இப்படித்தான் இருந்தது. அவன் எதையாவது அடித்துக்கொண்டே இருந்தான். கதவை, பக்கெட்டை, ஒருநாள் கேஸ் சிலிண்டரை. மனிதர்கள் மேல் கை வைக்கவில்லை என்பது அம்மாவுக்கு ஓர் ஆறுதல்.

அண்ணனுக்கு இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலி பின்புறத்தில் கிளம்பி, வலது தொடை வழியாகக் குதிகால் வரைக்கும் காய்ச்சிய கம்பி மாதிரி இறங்கும். ரொம்ப நேரம் உட்காராதே என்றார் டாக்டர். பிறகு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். டிரைவர் என்றான். டாக்டர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாலாஜாபாத் பக்கத்து ஊர்களிலிருந்து ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப்போய் இறக்குவது அவன் வேலை. கார் அவனுடையது, பழையது. ட்ரிப் கொடுப்பவர் ஒரு டிராவல்ஸ்காரர். வலி தாங்காமல் நடு வழியில் காரை நிறுத்தி, ரோட்டோரத்தில் குப்புறப் படுத்து, காலில் உணர்ச்சி திரும்பியதும் எழுந்து ஓட்டுவது அண்ணனுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. காரில் இருந்தவர்கள் கம்பெனியில் பஞ்ச் அடிக்க லேட். இன்னொரு புகார் வந்தால் ட்ரிப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று டிராவல்ஸ்காரர் சொல்லிவிட்டார். ஆக, விஷயம் ரொம்பச் சின்னது. அண்ணனால் அந்தச் சீட்டில் உட்கார முடிந்தால் பிழைப்பு உண்டு. முடியாவிட்டால் இல்லை.

நான் ஆட்டோமொபைல் படித்தவள். உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி ட்ரெய்னி. கார் என்றால் எனக்குப் பசி, தூக்கம் இரண்டும் கிடையாது. அண்ணன் சீட்டைக் குத்தி முடித்ததும் நான் போய் அதைத் தடவிப் பார்த்தேன். உள்ளே இருந்த ஃபோம் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. நடுவில் குழி. குழிக்கு அடியில் ஃப்ரேமின் கம்பி, நேராக அவன் பின்புறத்தில் இடிக்கிற மாதிரி. இத்தனை நாள் அவன் ஒரு இரும்புக் கம்பியின் மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறான். சீட் கடைக்காரர் மேலே ஒரு பஞ்சு வைத்துப் புது ரெக்ஸின் போட்டுத் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். முழுசாகப் பிரித்து, ஃபோமையே மாற்றி, இடுப்புக்குத் தாங்கல் வைத்து, வீட்டிலேயே செய்துவிடலாம் என்றேன். அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வேறு வழியில்லாதவன் பார்க்கிற பார்வை. சரி என்றான்.

ஃபோமுக்கு எங்கே போவது என்பது அவனுக்குத் தெரியும். டிரைவர் ஆவதற்கு முன்னால் அவன் கார் சீட்டுக்கு ஃபோம் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தான். அச்சுக்குள் குனிந்து குனிந்து பேட் எனப்படும் ஃபோம் மெத்தையை எடுத்துத்தான் இடுப்பு போனது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் நல்ல பீஸ் ஓகே, கெட்ட பீஸ் என்ஜி. நாட் குட் என்பதன் சுருக்கம். அது கம்பெனி கேட்டைத் தாண்டி ஊருக்குள் வந்து ரொம்ப நாளாகிறது. டீ என்ஜி, மாப்பிள்ளை என்ஜி, கவர்மென்ட் என்ஜி. இடுப்பு போன பிறகு அண்ணனுக்கு அங்கே கொடுத்த வேலை, என்ஜி பேட்களைக் கத்தியால் கிழிப்பது. வெளியே யாரும் எடுத்துப் போய் நல்ல பேட் என்று விற்றுவிடக் கூடாது என்பதற்காகக் குறுக்கும் நெடுக்கும் வெட்டித்தான் ஸ்கிராப்புக்குப் போடுவார்கள். நாள் முழுக்கக் கிழித்தான். அப்புறம் அவன் காண்ட்ராக்டையும் புதுப்பிக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு ஸ்கிராப் கொட்டகை. உள்ளே கிழிந்த பேட்கள் மலையாகக் கிடந்தன. அறுத்துப் போட்ட உடம்புகள் மாதிரி இருந்தது. தொடை, முதுகு, தோள் என்று தனித்தனியாக அடையாளம் தெரிந்தது. அண்ணன் அதற்குள் முழங்கால் வரை இறங்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துத் தூக்கி எறிந்தான். கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கையால் தடவியே, இது பாசஞ்சர், இது பின் சீட் என்று சொல்லிக்கொண்டு போனான். கடைசியில் ஒன்றைப் பிடித்து உருவினான். அடிப்பக்கத்தில் ஒரே ஒரு வெட்டு, அதுவும் ஆழமில்லை.

"இது டிரைவர் பேட். எவனோ சோம்பேறி கீசிருக்கான். நானா இருந்தா ரெண்டா பொளந்துருப்பேன்."

அவன் முகத்தில் ஒரு பெருமை. நானும் பேட்டை வாங்கி அழுத்திப் பார்த்தேன். நல்ல கெட்டி. எங்கள் கார் மாடலேதான். தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தோம். பேட்டரி ஒயரைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் இருக்கிற ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கனெக்டரில் கை வைக்கும் முன் கொஞ்சம் காத்திருந்தது வரைக்கும் எல்லாம் படிப்பாளி வேலை. அதற்கப்புறம் எல்லாம் அடிதடிதான். போல்ட்கள் துருவேறி அசைய மறுத்தன. சுத்தியால் அடித்தோம். ஒன்று அசைந்தது, ஒன்று தலை உடைந்தது. சீட்டைத் தூக்கி வாசலில் குப்புறப் போட்டபோது அதற்குள்ளிருந்து கடலைத் தோலும், ஒரு கம்மலும், யாருடைய பல்லோ ஒன்றும் விழுந்தன. பல்லைப் பார்த்து அம்மா காறித் துப்பினாள்.

உறையை ஃப்ரேமோடு கவ்விப் பிடித்திருக்கும் சின்னச் சின்ன இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும். நறுக்கும்போது அவை துள்ளும். ஒன்று என் கட்டைவிரலின் சதையைக் கீறிக்கொண்டு போனது. இன்னொன்று அண்ணனின் புருவத்தில் குத்தியது. உறையை உரித்தபோது பழைய ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அண்ணன் அதைக் கையில் அள்ளிப் பிசைந்து, காலில் போட்டு மிதித்து, தெருவில் எறிந்தான். எனக்கும் வெறி ஏறியிருந்தது. இடுப்பில் இடித்த கம்பியைச் சுத்தியால் அடித்து அடித்து உள்ளே மடக்கினேன். ஒவ்வொரு அடிக்கும், இது எங்க அண்ணனுக்கு, இது எங்க அண்ணனுக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இன்ஜினீயரிங்கில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது.

புதுப் பேட்டை வைத்தோம். உறை ஏறவில்லை. இடது பக்கம் தொளதொளவென்று கிடந்தது. வலது பக்கம் ஒரு விரல்கடை குறைந்தது. தொடையை அணைத்துப் பிடிக்க ஓரத்தில் மேடு இருக்குமே, அது வலது பக்கம் பெரிதாகத் திமிறிக்கொண்டு நின்றது. எனக்குச் சந்தேகம் வந்தது. புது ஃபோம் அப்படித்தான் திமிறும், மிதித்து இழுத்தால் அடங்கும் என்றான் அண்ணன். அவன் முட்டிபோட்டு அழுத்தினான். நான் இடுக்கியால் உறையைப் பிடித்து இழுத்தேன். தையல் பறிந்தது. என் விரலிலிருந்து ரத்தம் உறையெல்லாம் ஆகியிருந்தது. அவனுக்கு இடுப்பில் வலி ஏறிவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"படிச்சது இன்னாடி நீ, ஆட்டோமொபைலா, டைலரிங்கா" என்றான்.

"லைன்லயும் இப்டித்தான் இழுத்துக்கினு இருந்தியா? அதான் உன்னிய என்ஜி பண்ணி வெளிய போட்டாங்க" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை. அவன் கையிலிருந்த இடுக்கி என் காதை உரசிக்கொண்டு போய்த் தண்ணீர் ட்ரம்மைத் துளைத்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான் இடுக்கியை எடுத்துத் திருப்பி எறிந்தேன். அவன் தோளில் பட்டது. அவன் எழுந்து வர முயன்று, முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிந்தான். ஸ்பானர், பழைய வளையங்கள், என் செருப்பு. நானும் எறிந்தேன். அம்மா ஓடிவந்தாள். எங்களை விலக்கவில்லை. ட்ரம்மின் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, அங்கிருந்து நகர முடியாமல், எங்கள் இரண்டு பேரையும் பெற்றதிலிருந்து ஆரம்பித்துத் திட்டினாள். அவள் திட்டி முடிக்கும்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மறுபடி உறையைப் பிடித்தோம். இந்தத் தடவை ஏறிவிட்டது. அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இடுப்புத் தாங்கலுக்கு, அம்மாவின் பழைய பிபி மெஷினிலிருந்த காற்றுப் பையை முதுகுப் பக்கத்தில் செருகினேன். அமுக்குகிற ரப்பர் குண்டை ஹேண்ட் பிரேக் பக்கத்தில் விட்டேன். அமுக்க அமுக்க இடுப்பில் முட்டுக் கொடுக்கும். அண்ணன் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தான். கண்ணை மூடினான். "நல்லாத்தான் கீது" என்றான். அந்த மாதத்தில் அவன் எதையும் அடிக்காமல் சொன்ன முதல் வாக்கியம்.

மறுநாள் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். சீட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ஆசையில் காலை ட்ரிப்பிலேயே நெருக்கிக்கொண்டு ஏறினேன். ஆட்களை ஒரகடத்தில் இறக்கிவிட்டு, காலி வண்டியில் வல்லக்கோட்டை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். போகும்போது நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது அவன் வலது தொடையைக் கையால் குத்திக்கொண்டே வந்தான். மரத்துப் போகிறதா என்று கேட்டேன். மறுபடி ஓங்கிக் குத்தினான். முன்னால் ஒரு கம்பெனி பஸ் திரும்புவதற்காக நின்றது. அதற்குப் பின்னால் ஒரு பைக் நின்றது. எங்கள் கார் நிற்கவில்லை.

"கால் வரல" என்றான். அவ்வளவு அமைதியாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கார் கதறிக்கொண்டு போய் பைக்கின் பின்சக்கரத்தில் முட்டி நின்றது. பைக்காரர் சரிந்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் எழுந்து வந்த வேகத்தில் அண்ணனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். அண்ணன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். நிற்கக் கால் இல்லை. மடங்கி அவர் மேலேயே சாய்ந்தான்.

"தள்ளாட்றான் பாரு. காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துருக்கான்" என்று யாரோ சொன்னார்கள்.

அது போதுமாக இருந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது. முதல் அடி கன்னத்தில். இரண்டாவது வாயில். கீழே விழுந்தவனை ஒருவன் இடுப்பிலேயே உதைத்தான், சரியாக அந்த இடத்தில். அண்ணன் போட்ட சத்தம் மனிதச் சத்தம் மாதிரி இல்லை. நான் என் சீட்டின் தலைத் தாங்கலை உருவினேன். அதற்கு இரண்டு இரும்புக் கால்கள் உண்டு. கீழே இறங்கி, அதைச் சுழற்றிக்கொண்டு உள்ளே புகுந்தேன். உதைத்தவனின் தோளில் ஒன்று வைத்தேன். பைக்காரரின் ஹெல்மெட்டில் ஒன்று விழுந்து கண்ணாடி பிளந்தது. என் முடியை யாரோ பிடித்தார்கள். பிடித்த கையைக் கடித்தேன். உப்புக்கரித்தது.

நிறுத்தியது அந்தக் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். ஹாரனை விடாமல் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"டேய், அவன் குடிக்கலடா. இடுப்பு போன ஆளு. டெய்லி ரோட்டாண்ட படுத்துக் கெடப்பான், நான் பாக்கறேன்" என்றார்.

கூட்டத்தின் கைகள் அப்படியே கீழே இறங்கின. இடுப்பில் உதைத்தவனே அண்ணனைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்தான். பைக்காரர் உடைந்த ஹெல்மெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காரை நான்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன், அண்ணனைப் பக்கத்துச் சீட்டில் சாய்த்துப் போட்டுக்கொண்டு. என் உயரத்துக்கு அந்த டிரைவர் சீட் வலது தொடையில் கல்லாக இடித்தது. கோபத்தில் அதை நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் டிராவல்ஸ்காரருக்கு விஷயம் போயிருந்தது. போனில் அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. புது டிரைவர் ஒருவரைப் பார்த்து வைத்துவிட்டாராம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஆள் இல்லை, அந்த ட்ரிப்பை அண்ணன் ஓட்டிக் கொடுக்கட்டும், மற்றதைக் காரில் போகிற ஆட்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அண்ணன் கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தான். உதடு வீங்கியிருந்தது. இனிமேல் சீட்டைத் தொடாதே என்று எனக்கு உத்தரவு.

நான் சுத்தியை எடுத்துக்கொண்டு காரிடம் போனேன். உண்மையைச் சொன்னால், ரிப்பேர் பண்ணுகிற எண்ணத்தில் போகவில்லை. உடைக்கத்தான் போனேன். அதற்குள் அம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மகன் எதில்தான் உட்கார்ந்திருந்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது புடவை மாட்டித் தடுமாறினாள்.

"இன்னாடி இது, எறங்கச்சொல்ல செவுரு மாதிரி தடுக்குது. அந்தாண்ட சீட்டு இப்டி இல்லியே" என்றாள்.

சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். கதவுப் பக்கத்து மேடு தாழ்வாக இருந்தது, இறங்கி ஏற வசதியாக. உள்பக்கத்து மேடு உயரம். இங்கே வந்து பார்த்தேன். கதவுப் பக்கம் உயரம், உள்பக்கம் தாழ்வு. எல்லாம் தலைகீழ். அந்த உயரமான மேடு மொத்தமும் அண்ணனின் வலது தொடைக்கு அடியில், அந்த நரம்பின் மேலேயே. உறை ஏன் ஏறவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

உள்ளே ஓடினேன். உன் லைனில் டிரைவர் சீட் என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அண்ணன் குப்புறப் படுத்தபடியே, எரிச்சலோடு, இடது கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது.

அவன் வேலை பார்த்தது எக்ஸ்போர்ட் லைன். கப்பலேறிப் போகிற கார்கள். அங்கே டிரைவர் இடது பக்கம் உட்காருவான். வருஷக்கணக்காக அந்தப் பேட்டையே எடுத்து எடுத்து, அவன் கைக்கு டிரைவர் என்றால் இடதுதான். அந்தக் கை ஸ்கிராப் மலையிலிருந்து ஏதோ ஒரு நாட்டு டிரைவரின் சீட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. நானும் அளந்து பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து, ரத்தம் வரும்வரை இழுத்து, அதை உள்ளே திணித்திருக்கிறோம். அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலிக்க வலிக்கத் தரையைக் குத்திக்கொண்டே சிரித்தான். உதடு மறுபடி பிளந்தது.

நான் ஷிஃப்டுக்கு லீவு போட்டேன். சாயந்திரத்துக்குள் திரும்பவும் பிரித்தோம். இந்தத் தடவை எதுவும் எங்களை எதிர்க்கவில்லை. கத்தியை அண்ணன் வாங்கிக்கொண்டான். கம்பெனியில் கிழித்த கை. வலது மேட்டின் அடியில் வைத்து ஒரே இழுப்பு. கோழித் தொடை மாதிரி தனியாக வந்தது. அதைத் திருப்பி இடது பக்கம் வைத்து, ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, நான் மேலே ஏறி உட்கார்ந்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவன் அந்த நாட்டு டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தான். முகம் தெரியாத அந்த ஆள் குடும்பத்தோடு நாசமாய்ப் போயிருப்பார். உறை தானாக ஏறியது.

மறுநாள் காலை முன் சீட்டில் வழக்கமாக ஏறுகிற ஆள் லீவு. நான் ஏறிக்கொண்டேன். பின்னால் மூன்று அக்காக்கள், மடியில் டிபன் கேரியரோடு. முந்தின நாள் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அண்ணனின் வீங்கிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புது டிரைவர் வருவதாகச் சொன்னார்களே என்று ஓர் அக்கா எனக்குக் கேட்கும்படியே கேட்டார். அண்ணன் ரப்பர் குண்டை இரண்டு தடவை அமுக்கிக்கொண்டான். நான் அவன் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரகடம் நெருங்கும்போது, டிவைடர் இடைவெளியில் ஒரு கன்டெய்னர் லாரி கையும் காட்டாமல் குறுக்கே திரும்பியது. கண்ணாடி முழுக்க லாரியின் வயிறு மட்டும்தான் தெரிந்தது. நான் ஹேண்ட் பிரேக்கைத் தேடிக் கையை நீட்டினேன். நீட்டுவதற்குள் அண்ணனின் கால் இறங்கியது. என்ன இறங்கல். டயர் அலறியது, என் பெல்ட் கழுத்தை அறுத்தது, பின்னாலிருந்து மூன்று உடம்புகள் முன் சீட்டில் வந்து மோதின. ஒரு டிபன் கேரியர் திறந்துகொண்டு பறந்தது. சாம்பார் சூடாக என் பிடரியில் இறங்கியது. லாரியின் பின்சக்கரம் எங்கள் பம்பரை மோந்து பார்க்கிற தூரத்தில் கடந்து போனது.

அண்ணன் தலையை வெளியே நீட்டி, லாரிக்காரனின் பரம்பரையையே பேர் சொல்லாமல் திட்டித் தீர்த்தான். பிறகு உள்ளே திரும்பி, குனிந்து, தன் வலது காலைப் பார்த்தான். தொடையில் ஓங்கி ஒரு அறை வைத்தான். "வலிக்குதுடி" என்றான். பல் தெரிந்தது.

சாம்பார் கொட்டிய அக்கா அதற்குள் டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டுவிட்டார். மடியில் பருப்பும் முருங்கைக்காயுமாக உட்கார்ந்து, அவர் மூச்சு விடாமல் கத்தினார். லாரியைப் பற்றி, சாம்பாரைப் பற்றி, அண்ணனின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைப் பற்றி. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த கை வெளுத்துப் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் டிராவல்ஸ்காரர் ஏதோ கேட்டார். நாளைக்கு ஆளை மாற்றட்டுமா என்றுதான் இருக்கும்.

"வாணாம், இவனே வரட்டும். பிரேக்கு புடிக்கத் தெரிஞ்ச ஆளா கீறான்" என்றார் அக்கா. "வாய மட்டும் மூடிக்கினு வரச் சொல்லு. சீட்ட கழுவிட்டு வரச் சொல்லு."